உன் பெயரை அட்டையில் எழுது!

திருகோணமலை அன்புவழிபுரத்துப் பிள்ளையே, உன்னோடுதான் பேசுகிறேன். நூலகத்துக்குப் போகிறாய். அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தெடுக்கிறாய். அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் உன் பெயர் ஏன் இல்லை? யார் தடுத்தார்கள்? எந்தச் சட்டம் தடுத்தது? எழுதுகிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ பிறந்தவர்கள், நீ வாசிப்பதற்கு மட்டும் பிறந்தவன் என்று யார் உனக்குச் சொன்னார்கள்?

ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது உன் மனதில் ஏறிவிட்டது. முதலாம் தரத்திலிருந்து கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாய். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வந்ததும் ‘எனது பாடசாலை’, ‘நான் விரும்பும் பெரியார்’ என்று கட்டுரைகளைப் பாடமாக்கினாய். அந்தக் கட்டுரையில் வரும் பாடசாலை உன் பாடசாலையா? உன் பாடசாலை வாசலில் நிற்கும் மரம் அதில் உண்டா? மதிய இடைவேளையில் உன் சாப்பாட்டில் பங்கு கேட்கும் கூட்டாளி உண்டா? நீயாவது உண்டா? பத்து வருடம் கை வலிக்க எழுதியும் ஒரு வரி உன்னுடையதாக இல்லையென்றால், உன்மேல் உனக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கேள். மேடைப் பேச்சைக் கேட்டு வரும் தன்னம்பிக்கை வீடு வந்து சேருமுன் வடிந்துவிடும். ஒரு காரியத்தைத் தொடங்கி, சலித்து, விட்டுவிட நினைத்து, விடாமல் பிடித்து முடித்தவனுக்கு வருவதே தன்னம்பிக்கை. அதற்குப் பணம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். நாலு தாள், ஒரு மட்டை, ஒரு பென்சில், ஓர் ஊசி, ஒரு முழம் நூல் போதும். ஒரு புத்தகம் செய். நீயே எழுது, நீயே படம் வரை, நீயே தை, நீயே அட்டை போடு. அட்டையில் உன் பெயரை எழுது. கொண்டுபோய் நூலகத்தில் வை. அன்று தெரியும் உனக்கு, நீ யார் என்று.

எழுதிப் பழகிய மண்

“புத்தகம் எழுதுவதெல்லாம் பெரிய ஊர்க்காரர் வேலை” என்கிறாயா? உன் ஊரின் வரலாறு தெரியாமல் பேசுகிறாய்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வந்தது. அதற்கு அடுத்து வந்தது 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’. எழுதியவர் திருகோணமலை இன்னாசித்தம்பி. நாலு வருடம் கழித்து, 1895இல், தமிழில் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படும் ‘மோகனாங்கி’ வெளிவந்தது. எழுதியவர் யார்? திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அவர் சென்னை மாநிலக் கல்லூரிச் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். நூலகத்தில் இருந்தவர், நூல்களைக் காத்ததோடு நில்லாமல் தாமும் ஒரு நூல் செய்து அந்த வரிசையில் வைத்தார்! திருகோணமலைக்காரனுக்கு இதைவிட என்ன முன்னுதாரணம் வேண்டும்?

இன்னும் கேள். பிரமிள் என்று தமிழுலகம் கொண்டாடும் தருமு சிவராம் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது 1959இல். இருபதைத் தொட்ட வயதில் இந்தக் கடற்கரை ஊரிலிருந்து அந்த இதழுக்கு எழுதி அனுப்பி, பெரியவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். கவிதை எழுதிய அதே கை ஓவியமும் தீட்டியது. துறைமுகத்துக்கு அக்கரையில், மூதூரில், வ. அ. இராசரத்தினம் என்ற ஆசிரியர் ‘தோணி’ கதையை எழுதினார். கொழும்பையோ சென்னையையோ கடன் கேட்கவில்லை. தன் கடலை, தன் மக்களை எழுதினார். ஈழத்துச் சிறுகதை என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் ‘தோணி’யைத் தவிர்த்துப் பேச முடியாது.

இவர்கள் எல்லாரும் நீ குளிக்கும் கடலில் குளித்தவர்கள். நீ பார்க்கும் கோணமலையைப் பார்த்தவர்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்கள் எழுதி முடித்தார்கள்.

வயது ஒரு சாட்டு

“அவர்கள் பெரியவர்கள், நான் சின்னப்பிள்ளை” என்று அடுத்த சாட்டைத் தூக்காதே. இங்கிலாந்தில் டெய்சி ஆஷ்ஃபோர்ட் என்றொரு சிறுமி. 1890இல், ஒன்பது வயதில், ஒரு சாதாரணக் கொப்பியில் முழு நாவல் எழுதினாள். கொப்பி வீட்டில் கிடந்தது. 1919இல் அது அச்சேறியபோது பதிப்பாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவள் விட்ட எழுத்துப் பிழைகளில் கை வைக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை எழுதியது எழுதியபடியே வந்தது. நாடெங்கும் வாங்கி வாசித்தார்கள். பிழை வந்துவிடுமே என்று பேனையை மூடி வைத்திருக்கும் பிள்ளையே, உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பிழையைப் பிறகு திருத்தலாம். எழுதாததை யார் திருத்துவது?

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்றோர் ஆசிரியர். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச மூச்சு இடம் கொடுக்காது. பார்-சுர்-லூ என்ற சிறு கிராமத்துப் பள்ளிக்கு வந்தவர், 1924இல் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் ஊரைச் சுற்றி நடந்தார்கள். கண்டதை எழுதினார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தாங்களே அச்சடித்தார்கள். அந்தத் தாள்களே அவர்களுக்கு வாசிப்புப் புத்தகம் ஆயின. அத்தோடு நிற்கவில்லை. தூரத்தில் பிரிட்டனி கடற்கரையில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அவற்றைத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து கடற்கரைப் பிள்ளைகள் தாங்கள் அச்சடித்ததை அனுப்பினார்கள். மலையைக் காணாத பிள்ளைக்கு மலையும், கடலைக் காணாத பிள்ளைக்குக் கடலும் கடித உறையில் வந்து இறங்கின.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமம். பரீட்சையில் தோற்கடிக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்காக லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த கல்விமுறையைக் கேள்வி கேட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். 1967இல் வெளிவந்தது. உலக மொழிகள் பலவற்றிலும் தமிழிலும் வந்துவிட்டது. எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஒரு துண்டுத் தாளில் ஓர் எண்ணம். அவ்வளவுதான். எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பினார்கள். ஒரே விஷயத்தைச் சொல்வன ஒரு குவியல். ஒவ்வொரு குவியலும் ஓர் அத்தியாயம். இரண்டு தரம் வந்ததை வெட்டினார்கள். தேவையில்லாத சொல்லை எடுத்தார்கள். விளங்காத வசனத்தை உடைத்தார்கள். தோற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள்! இன்று ஆசிரியர்கள் அவர்களிடம் பாடம் படிக்கிறார்கள்.

உன்னிடம் என்ன இல்லை?

“எழுத என்னிடம் என்ன இருக்கிறது?” என்கிறாய். உன்னிடம் என்ன இல்லை, அதைச் சொல்!

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஏழிலும் சூடு ஒரே அளவில் இல்லை. ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் அளந்து குறித்து, படம் வரைந்தால் அது ஒரு விஞ்ஞானப் புத்தகம். நகர வீதியில் மாடுகளோடு மான்களும் உலாவுகின்றன. எந்த ஊர்ப் பிள்ளைக்கு இது வாய்க்கும்? ஒரு மானைப் பின்தொடர்ந்து அதன் ஒரு நாளை எழுது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடப் பாட எழுதி எடு. நீ எழுதாவிட்டால் அந்தப் பாட்டு அவரோடு போய்விடும்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்தின் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. அன்று நீ பிறந்திருக்கவில்லை. ஆனால் உன் அம்மா இருந்தார், அம்மம்மா இருந்தார். போய்க் கேள். “அன்று காலை என்ன சமைத்தீர்கள்? யார் முதலில் கத்தினார்? கையில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்?” இப்படிச் சின்னக் கேள்வியாகக் கேள். “சுனாமியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பத்திரிகையில் வந்ததைத்தான் சொல்வார்கள். எதைத் தூக்கினீர்கள் என்று கேட்டால்தான் கதை வரும். ஒன்று மட்டும் மறக்காதே. அவர் வாய் திறக்க விரும்பாவிட்டால் விட்டுவிடு. துயரத்தைத் தோண்டி எடுக்க எழுத்தாளனுக்கும் உரிமை இல்லை.

இதெல்லாம் வேண்டாமா? உன் வீட்டுப் பூனையை எழுது. தம்பி சோறு உண்ண மறுத்த கதையை எழுது. பேய்க்கதை எழுது. உனக்குத் தெரிந்ததை, நீ மட்டுமே சொல்லக்கூடியதை எழுது. அது போதும்.

செய்முறை இதோ

இனிச் சாட்டு இல்லை. கை வேலைக்கு வா.

நாலு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. நடுவில் மடி. விரல் நகத்தால் மடிப்பை அழுத்தி விடு. 16 பக்கம் கைக்கு வந்துவிட்டது. எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் சிறிதாக எண் போடு. ஏனென்றால் தாளைப் பிரித்தால் வரிசை குழம்பும். வெளித்தாளில் 1ஆம் பக்கத்துக்கு அருகே 16ஆம் பக்கம் வந்து நிற்கும். எண் போட்டிருந்தால் எந்தத் தாளையும் தனியே எடுத்து வைத்துப் படம் வரையலாம்.

முதற்பக்கம் தலைப்புக்கு. இரண்டாம் பக்கம் உன் பெயர், ஊர், ஆண்டு. 3 முதல் 14 வரை கதை. அப்படியானால் உன் கதைக்குப் பன்னிரண்டு பக்கம். பன்னிரண்டு சம்பவமாகப் பிரி. 15ஆம் பக்கத்தில் உன்னைப் பற்றி நாலு வரி. 16ஆம் பக்கத்தில் உதவியவர்களுக்கு நன்றி. பார்பியானாப் பிள்ளைகளைப் போல முதலில் துண்டுத் தாள்களில் எழுதிப் பார். ஒரு கூட்டாளிக்கு உரத்து வாசித்துக் காட்டு. அவன் எங்கே கொட்டாவி விடுகிறானோ அங்கே வெட்டு. எங்கே “பிறகு?” என்று கேட்கிறானோ அங்கே பக்கத்தைத் திருப்பு. எழுத்துப் பிழை பார்ப்பது கடைசி வேலை. அதை முதல் வேலையாக்கினால் கதை பயந்து ஓடிவிடும்.

எல்லாம் முடிந்ததும் தடித்த மட்டையை மேலே போர்த்தி, மடிப்பில் மூன்று துளை போடு. நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. நூல் கோத்த ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடு. மேல்துளை வழியாக உள்ளே வா. நடுவைத் தாண்டிப் போய்க் கீழ்த்துளை வழியாக வெளியே போ. திரும்பவும் நடுத்துளை வழியாக உள்ளே வா. உள்ளே நீளமாக ஓடும் தையலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனையாக வைத்து இறுக்கி முடிச்சுப் போடு. தைத்தாயிற்று. இழுத்துப் பார், பிரியாது. பசை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இனி அட்டையில் உன் பெயரை எழுது. பொடி எழுத்தில் மூலையில் ஒளிக்காதே. நிமிர்ந்து, பெரிதாக எழுது!

பெரியவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை

நூலகர்களே, நூலக வாசலை இன்னும் அகலத் திறவுங்கள். இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கும் இடமாக மட்டும் நூலகம் இருந்தது போதும். அது புத்தகம் பிறக்கும் இடமாகவும் ஆகட்டும். வாரத்தில் ஒரு பின்னேரம், ஒரு நீள மேசை, ஒரு கட்டுத் தாள், சில கத்தரிக்கோல். இவ்வளவுதான் செலவு. பிள்ளை செய்த புத்தகத்தைக் கண்காட்சியில் ஒரு நாள் வைத்துவிட்டு மூலையில் போடாதீர்கள். மற்றப் புத்தகங்களைப் போலவே பதிவேட்டில் ஏற்றுங்கள். முத்திரை குத்துங்கள். தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் இருக்கிறது. பிரமிளின் கவிதையை வைக்கும் அதே எண்ணின் கீழ் அந்தப் பிள்ளையின் கதையையும் வையுங்கள். இரவலும் கொடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் தன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்று இரவல் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை அன்று இரவு தூங்காது. அடுத்த புத்தகத்தை யோசித்துக்கொண்டிருக்கும்.

அதிபர்களே, ஆசிரியர்களே, ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் வைக்கிறீர்கள். ஒருவருக்கு முதற்பரிசு கிடைக்க, மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு போகிறார்கள். இந்த முறை போட்டி வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தோடு வீடு போகட்டும். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர்களுக்காகவே இதழ்கள் நடத்துகிறது. பிள்ளைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அங்கே இடம் உண்டு. அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ரெனேயின் பிள்ளைகள் செய்ததை நாமும் செய்யலாம். அன்புவழிபுரத்துப் பிள்ளை கடலை எழுதி அற்றனுக்கு அனுப்பட்டும். அற்றன் தோட்டத்துப் பிள்ளை தேயிலை மலையை எழுதி இங்கே அனுப்பட்டும். பக்கத்துச் சிங்களப் பாடசாலையோடு சேர்ந்து, ஒரு பக்கம் தமிழும் எதிர்ப்பக்கம் சிங்களமுமாக ஒரு புத்தகம் செய்யட்டும். மூன்று இனமும் வாழும் மாவட்டம் இது. ஒருவரை ஒருவர் வாசிக்காமல் எப்படி ஒருவரை ஒருவர் அறிவது?

பெற்றோரே, “இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்காதீர்கள். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் நடுவே ஒரு மணிநேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். அது எழுதியதை வாங்கி, உட்கார்ந்து, முழுதாக வாசியுங்கள். முதற்பக்கத்திலேயே சிவப்புப் பேனையை எடுக்காதீர்கள். “இந்தக் கிழவி பிறகு என்ன ஆனா?” என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு அந்தக் கேள்வி.

அழிந்தது போதும்

1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இருந்த நூல்களைக் கொண்டு தொடங்கிய சிறு முயற்சி யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அதற்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. போனவை போனவைதான், திரும்பி வரா. அந்த இழப்புக்கு நம் சமூகம் என்ன பதில் சொன்னது? ஒப்பாரியோடு நிற்கவில்லை. நூலகத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2005இல் இளைஞர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற பெயரில் இணையத்தில் ஓர் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். பழைய நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் ஒவ்வொரு பக்கமாக வருடி ஏற்றப்பட்டன. இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் காசு கொடுக்காமல் அவற்றை வாசிக்கலாம்.

பழையதைக் காப்பது பாதிக் கடமை. புதியதைப் படைப்பது மீதிப் பாதி. அந்த மீதி உன்னுடையது, பிள்ளையே. எரித்தவர்களுக்கும், இடம்பெயர்த்தவர்களுக்கும், “உங்களால் என்ன முடியும்?” என்று கேட்டவர்களுக்கும் நீ கொடுக்கும் பதில் உன் கையால் தைத்த அந்தப் 16 பக்கம்.

உன் முதற்புத்தகம் சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டும்! படத்தில் மானுக்குக் கால் கோணலாக இருக்கும். இருக்கட்டும்! தையல் ஓர் இடத்தில் தளர்ந்திருக்கும். இருக்கட்டும்! அதைப் பார்த்து யாராவது சிரித்தால், “நீங்கள் எழுதிய புத்தகத்தைக் காட்டுங்கள்” என்று கேள். அத்தோடு வாய் மூடும். இரண்டாவது புத்தகம் முதலாவதைவிட நன்றாக வரும். மூன்றாவது அதைவிட. சரவணமுத்துப்பிள்ளைக்கும் இராசரத்தினத்துக்கும் முதல் வரி என்று ஒன்று இருந்தது. அவர்களும் ஒரு நாள் வெற்றுத் தாளின் முன்னால்தான் உட்கார்ந்தார்கள்.

நாளைக்கு என்று தள்ளாதே. பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதே. இன்று பின்னேரம் நாலு தாள் எடு. மடி. எண் போடு. முதல் வரியை எழுது. முடித்த அன்றே நூலகத்துக்குக் கொண்டுபோய், நூலகர் மேசைமேல் வைத்து, நிமிர்ந்து நின்று சொல்: “இது நான் எழுதிய புத்தகம். அலுமாரியில் வையுங்கள்.”